டிக்கெட் எடுத்த பிறகு விலை இறங்கினால்: மாற்றுவதா, ரத்து செய்வதா, விட்டுவிடுவதா?

ஹூஸ்டனிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ போய்வர நான்கு பேருக்கு டிக்கெட் எடுத்தாயிற்று, தலைக்கு 318 டாலர் என்று வைத்துக்கொள்வோம். பத்து நாள் கழித்து கூகுள் ஃபிளைட்ஸில் பார்த்தால் அதே விமானம் 229 டாலர். தலைக்கு 89, நான்கு பேருக்கு 356 டாலர் போச்சே என்று மனம் அடித்துக்கொள்ளும். எதையும் தொடுவதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள்: அந்த 229 எந்த வகைக் கட்டணம்? தேடலில் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் பேசிக் எக்கானமி விலை, அதாவது கட்டுப்பாடுகள் அதிகமுள்ள மிக மலிவான வகையின் விலை. நீங்கள் எடுத்தது மெயின் கேபின் (வழக்கமான எக்கானமி) என்றால் ஒப்பிட வேண்டியதும் மெயின் கேபினைத்தான். விமான நிறுவனத்தின் தளத்திலேயே அந்த விமானத்தைத் திறந்தால் மெயின் கேபின் 264 என்று இருக்கலாம். அப்படியானால் உண்மையான இறக்கம் தலைக்கு 54, மொத்தம் 216.

216 டாலரும் சும்மா விடக்கூடிய பணம் இல்லை. ஆனால் அதில் எவ்வளவு திரும்பி வரும், கார்டுக்கு வருமா, அதே நிறுவனத்தில் அடுத்த டிக்கெட்டுக்கு மட்டும் பயன்படும் கிரெடிட்டாக வருமா என்பது நான்கு விஷயங்களைப் பொறுத்தது: எந்த வகை டிக்கெட், யாரிடம் வாங்கியது, வாங்கி எத்தனை மணி நேரம் ஆயிற்று, எந்த நாட்டுச் சட்டம் அதற்குப் பொருந்தும். அமெரிக்காவுக்குள் பறப்பவருக்கு ஒரு வழி சரிவரும்; அமெரிக்காவிலிருந்து சென்னை போய்வருபவருக்கு அதே வழி நட்டத்தில் முடியலாம்.

விலை ஏன் இறங்குகிறது

எக்கானமியில் இருக்கை எல்லாம் ஒன்றுபோல இருந்தாலும், விற்பனை முறையில் அது பத்துக்கும் மேற்பட்ட அடுக்குகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு அடுக்குக்கும் ஓர் எழுத்து. முழு விலைக்கு ஒய், அதற்குக் கீழே பி, எம், எச், கியூ என்று மலிவு அடுக்குகள் வரை இறங்கும். ஒவ்வோர் அடுக்கிலும் எத்தனை இருக்கையைத் திறந்து வைப்பது என்பதை நிறுவனத்தின் கணினி ஒரு நாளில் பலமுறை மாற்றும். குழுவாகப் பிடித்து வைத்த இருக்கைகள் திரும்பி வந்தால், போட்டி நிறுவனம் அதே தடத்தில் விலையைக் குறைத்தால், பெரிய விமானமாக மாற்றினால், மூடிக் கிடந்த மலிவு அடுக்கு மறுபடி திறக்கும். நீங்கள் பார்க்கும் விலை இறக்கம் அதுதான்.

மலிவு அடுக்குகளில் பலவற்றுக்கு முன்கூட்டியே வாங்க வேண்டிய கெடு உண்டு. 21, 14, 7 நாள் என்பவை வழக்கமான எல்லைகள். பயணத்துக்கு 21 நாளுக்கு முன் வரை ஓரளவு நம்பிக்கையோடு காத்திருக்கலாம். அதைத் தாண்டினால் விலை ஏறுவதற்கே வாய்ப்பு அதிகம். ஆகவே டிக்கெட் எடுத்ததிலிருந்து வாரம் ஒருமுறை பாருங்கள், பயணத்துக்கு 28 நாள் இருக்கும்போதிலிருந்து 21 நாள் இருக்கும் வரை தினமும் பாருங்கள். கூகுள் ஃபிளைட்ஸில் அந்தக் குறிப்பிட்ட விமானத்தையே தேர்ந்தெடுத்து விலைக் கண்காணிப்பைப் போட்டுவைத்தால் மின்னஞ்சல் வரும். தடத்துக்குப் பொதுவாகப் போட்டுவைத்தால் நள்ளிரவு விமானத்தின் விலை இறங்கினாலும் அறிவிப்பு வந்துகொண்டே இருக்கும்.

குடும்பமாக எடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மலிவு அடுக்கில் மூன்றே இருக்கை இருக்கும்போது நான்கு பேருக்குத் தேடினால், பொதுவாக நான்கு பேருக்கும் மேல் அடுக்கின் விலையே வரும். விலை இறங்கியதா என்று பார்க்கும்போது நான்கு பேருக்கும் தேடுங்கள், பிறகு இரண்டு பேருக்கும் ஒருவருக்கும் தேடுங்கள். ஒருவருக்கு மட்டும் குறைவாகக் காட்டினால் பதிவைப் பிரித்து அவருடையதை மட்டும் மாற்றலாம். ஆனால் சிறு குழந்தை இருக்கும் பதிவைப் பிரிக்காதீர்கள். விமானம் ரத்தாகி வேறு விமானத்தில் ஏற்றும் நேரத்தில், தனித்தனி பதிவு எண்ணில் இருப்பவர்களை ஒரு குடும்பம் என்று கணினி அறியாது.

விலை ஏறினால் என்ன ஆகும் என்று பயப்பட வேண்டாம். அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் விதிப்படி, முழுப் பணம் கட்டிய பிறகு அதே டிக்கெட்டுக்கு எரிபொருள் விலையைக் காரணம் காட்டிக்கூட நிறுவனம் கூடுதலாகக் கேட்க முடியாது.

முதல் 24 மணி நேரம்

எல்லா வழிகளிலும் சிறந்தது இதுதான். பலரும் பயன்படுத்தாமல் விடுவதும் இதைத்தான். அமெரிக்காவுக்கு வரும், அங்கிருந்து போகும், அங்கேயே பறக்கும் விமானங்களுக்கு 2012 முதல் ஒரு விதி இருக்கிறது. புறப்பாட்டுக்கு ஒரு வாரமோ அதற்கு மேலோ இருக்கும்போது எடுத்த டிக்கெட்டை 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்ப வேண்டும். இல்லையென்றால் பணம் கட்டாமலே 24 மணி நேரம் விலையைப் பிடித்துவைக்கும் வசதியை நிறுவனம் தர வேண்டும். ரத்து என்ற வழியில் பேசிக் எக்கானமிக்கும் பணம் வரும். நியூயார்க்கிலிருந்து சென்னைக்கு வெளிநாட்டு நிறுவனத்தில் எடுத்த டிக்கெட்டுக்கும் விதி பொருந்தும்.

சிக்கல் வருவது மூன்று இடங்களில். ஒன்று, இந்த விதி விமான நிறுவனத்திடம் நேரடியாக எடுத்த டிக்கெட்டுக்கு. ஏஜென்டுகளையும் முகவர் தளங்களையும் அது கட்டுப்படுத்தாது. பல தளங்கள் தாமாகவே இந்தச் சலுகையைத் தருகின்றன, ஆனால் சில தளங்களில் சேவைக் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டுதான் மிச்சம் வரும். இரண்டு, 24 மணி நேரம் என்பது பதிவு செய்த நிமிடத்திலிருந்து. மறுநாள் நள்ளிரவு வரை என்று அர்த்தமில்லை. மின்னஞ்சலில் இருக்கும் நேரத்தைப் பார்த்து, 20-ஆவது மணியில் போனில் அலாரம் வையுங்கள். மூன்று, விலை இறங்கியிருந்தால் முதலில் புதிய டிக்கெட்டை எடுத்து, பதிவு எண் வந்ததும் பழையதை உடனே ரத்து செய்ய வேண்டும். இடைவெளி விடக்கூடாது. ஒரே பயணி பெயரில் ஒரே விமானத்தில் இரண்டு பதிவு இருந்தால் நிறுவனத்தின் கணினி ஒன்றைத் தானாகவே நீக்கிவிடலாம். நீக்குவது எதை என்பது உங்கள் கையில் இல்லை.

பழைய கிரெடிட்டைக் கொண்டு எடுத்த டிக்கெட் என்றால், 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தாலும் அந்தப் பகுதி கிரெடிட்டாகத்தான் திரும்பும்.

24 மணி நேரம் கடந்த பின்: மாற்றுவதும் ரத்து செய்வதும்

2020-க்கு முன் அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களில் உள்நாட்டு டிக்கெட்டை மாற்ற 200 டாலர் கட்டணம். 54 டாலர் இறக்கத்துக்கு யாரும் 200 கட்ட மாட்டார்கள். அதனால் விலை இறக்கத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்த ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று யுனைடெட் அந்தக் கட்டணத்தை நிரந்தரமாக எடுப்பதாக அறிவித்தது. மறுநாளே டெல்டாவும் அமெரிக்கனும் பின்தொடர்ந்தன. பேசிக் எக்கானமிக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. அன்றிலிருந்து மெயின் கேபின் டிக்கெட்டை, அதே நாள் அதே விமானத்துக்கே, புதிய விலையில் மாற்றி வித்தியாசத்தை கிரெடிட்டாக எடுக்கலாம் என்ற வாய்ப்பு உருவாயிற்று.

செய்யும் முறை இது. நிறுவனத்தின் தளத்தில் உங்கள் பதிவைத் திறந்து, விமானத்தை மாற்று என்பதற்குப் போங்கள். அதே தேதியைத் தேர்ந்தெடுத்து, அதே விமானத்தை, அதே கட்டண வகையில் தொடுங்கள். கடைசிப் பக்கத்தில் கட்ட வேண்டிய தொகைக்குப் பதிலாகத் திரும்பி வரும் தொகை காட்டும். அந்தத் தொகை நீங்கள் போட்ட கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கிரெடிட் எந்த வடிவில், யார் பெயரில், எந்தத் தேதி வரை என்றும் படித்துவிட்டு உறுதி செய்யுங்கள். உறுதி செய்யும் வரை எதுவும் மாறாது. பார்த்துவிட்டு வெளியே வந்துவிடலாம்.

அதே விமானத்தைத் தேர்ந்தெடுக்கத் தளம் விடவில்லை என்றால், டிக்கெட்டை ரத்து செய்து முழு மதிப்பையும் கிரெடிட்டாக்கி, அந்தக் கிரெடிட்டைக் கொண்டு அதே விமானத்தைப் புதிதாக எடுப்பது அடுத்த வழி. இரண்டு வழிக்கும் கணக்கில் வித்தியாசம் இல்லை, ஆபத்தில் இருக்கிறது. மாற்றும்போது பழையது போவதும் புதியது வருவதும் ஒரே நேரத்தில் நடக்கும். ரத்து செய்து எடுக்கும்போது நடுவில் சில நிமிடங்கள் உங்களிடம் டிக்கெட்டே இருக்காது. அந்த நேரத்தில் மலிவு அடுக்கின் கடைசி இருக்கையை வேறு ஒருவர் எடுத்தால் 264 மறுபடி 318 ஆகலாம், 350-கூட ஆகலாம். மலிவு அடுக்கில் நான்கைந்து இருக்கையாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். உங்களுக்கு நான்கு டிக்கெட் என்றால் ஏழெட்டுப் பேருக்குத் தேடிப் பாருங்கள். அப்போதும் அதே விலை வந்தால் இடம் இருக்கிறது.

இரண்டு வழியிலும் இருக்கைத் தேர்வு கைவிட்டுப் போகலாம். காசு கொடுத்து வாங்கிய இருக்கை என்றால், தலைக்கு 54 டாலர் மிச்சம் பிடிக்கப் போய் 40 டாலர் இருக்கையை இழப்பது வீண் வேலை. மாற்றுவதற்கு முன் இருக்கை வரைபடத்தைத் திறந்து உங்கள் வரிசை எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கிரெடிட்டைப் பணத்துக்குச் சமமாகக் கருதுவது பெரிய தவறு. வழக்கமாக அதன் ஆயுள் ஓராண்டு. பெரும்பாலும் அந்த ஓராண்டு முதல் டிக்கெட் எடுத்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது. விலை இறக்கத்துக்காக மாற்றிய நாளிலிருந்து இல்லை. ஜனவரியில் எடுத்து, செப்டம்பரில் மாற்றினால், கையில் வரும் கிரெடிட்டுக்கு நான்கே மாதம் இருக்கும். சில நிறுவனங்களில் கெடுவுக்குள் பதிவு செய்தால் போதும், சிலவற்றில் பயணமே தொடங்கியிருக்க வேண்டும். மேலும், பயன்படாத டிக்கெட்டிலிருந்து வரும் கிரெடிட் பொதுவாகப் பயணியின் பெயரில்தான் இருக்கும், கார்டு யாருடையது என்று பார்க்காது. ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்பும் அம்மா பெயரில் கிடக்கும் 54 டாலர் கிரெடிட் அநேகமாகப் போனதுதான். அதே நிறுவனத்தில் ஓராண்டுக்குள் நிச்சயம் பறப்பீர்கள் என்றால் கிரெடிட்டை முழு மதிப்புக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பறக்கலாம், பறக்காமலும் போகலாம் என்றால் பாதிக்கு மேல் மதிப்புக் கொடுக்காதீர்கள்.

பேசிக் எக்கானமி எடுத்தவர்களுக்கு இந்தக் கதவு ஏறக்குறைய மூடியது. சில நிறுவனங்கள் ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை கிரெடிட்டாகத் தருகின்றன. 89 டாலர் இறங்கினாலும் அந்தப் பிடித்தம் அதை விழுங்கிவிடும். சவுத்வெஸ்ட் நெடுங்காலம் மாற்றக் கட்டணமே வாங்காத நிறுவனம் என்று பெயர் பெற்றது. அங்கும் 2025 மே 28 முதல் பேசிக் என்ற வகை வந்துவிட்டது. அதை நேரடியாக மாற்ற முடியாது, ரத்து செய்து கிடைக்கும் கிரெடிட்டுக்கு ஆயுள் ஆறு மாதம். மற்ற வகைகளுக்குப் பன்னிரண்டு மாதம்.

ஆகவே டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: மெயின் கேபினுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் 30, 35 டாலர் இந்த வாய்ப்புக்குத் தகுமா? பயணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது எடுத்தால், தகும். பத்து நாள் இருக்கும்போது எடுத்தால் விலை இறங்கும் வாய்ப்பு குறைவு. அப்போது இந்தக் காரணத்துக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

உள்நாட்டுப் பயணத்துக்கு இன்னொரு யோசனை. போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு ஒருவழி டிக்கெட்டாக எடுங்கள். அமெரிக்க உள்நாட்டில் ஒருவழிக் கட்டணம் பெரும்பாலும் இருவழியில் பாதிதான். திரும்பும் விமானத்தின் விலை மட்டும் இறங்கும்போது அதை மட்டும் மாற்றலாம். போகும் விமானத்தின் விலை ஏறியிருந்தாலும் கவலையில்லை. ஒரே டிக்கெட்டாக இருந்தால் மாற்றும்போது முழுப் பயணத்தையும் இன்றைய விலைக்குக் கணக்கிட வாய்ப்பு உண்டு, ஒரு பக்க லாபம் மறு பக்கத்தில் கரைந்துவிடும். சென்னைக்கு இந்த யோசனை உதவாது. பல நிறுவனங்களில் ஒருவழிக் கட்டணம் பாதியைவிட மிக அதிகமாக இருக்கும்.

பணமாகவே வரும் இன்னொரு வழி

டிக்கெட் எடுத்துப் பல மாதம் ஆன பிறகு நிறுவனமே நேரத்தை மாற்றினால், அந்த மின்னஞ்சலை எரிச்சலோடு மூடாதீர்கள். 2024-இல் வந்த அமெரிக்க விதிப்படி, உள்நாட்டு விமானம் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ முன்னதாகப் புறப்பட்டாலும், அல்லது அவ்வளவு தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலும், அது பெரிய மாற்றம். வெளிநாட்டுப் பயணத்துக்கு ஆறு மணி நேரம். புறப்படும் அல்லது இறங்கும் விமான நிலையம் மாறினாலும், இடைநிறுத்தம் கூடினாலும், கீழ் வகுப்புக்குத் தள்ளினாலும் அப்படியே. அந்த மாற்றம் வேண்டாம் என்று மறுத்தால், திரும்பப் பெற முடியாத வகை டிக்கெட்டுக்கும் முழுப் பணம் வர வேண்டும்: கார்டில் கட்டியிருந்தால் ஏழு வேலை நாளுக்குள், மற்ற முறைகளில் 20 நாளுக்குள்.

விலை இறங்கியிருக்கும் நேரத்தில் இது நேர்ந்தால் கிரெடிட் பேச்சே இல்லை. பணத்தை வாங்கிக்கொண்டு புது டிக்கெட்டை மலிவாக எடுக்கலாம். ஆனால் மின்னஞ்சலில் இருக்கும் ஏற்றுக்கொள்கிறேன் என்ற பொத்தானைத் தொட்டுவிட்டால் இந்த உரிமை போய்விடும். முதலில் இன்றைய விலையைப் பாருங்கள், பிறகு பொத்தானைத் தொடுங்கள். நிறுவனம் முதலில் கிரெடிட்தான் நீட்டும். பணமாக வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டும்.

மைல், ரீஃபண்டபிள், விலைப் பாதுகாப்பு

மைல்களில், அதாவது விமான நிறுவனத்தின் வெகுமதிப் புள்ளிகளில், எடுத்த டிக்கெட்டுக்கு விலை இறங்குவது நல்ல செய்தி. யுனைடெட், டெல்டா, அமெரிக்கன் மூன்றிலும் பேசிக் அல்லாத உள்நாட்டு டிக்கெட்டை ரத்து செய்தால் மைல்கள் கணக்குக்கே திரும்பும். ஒரு வழிக்குக் கட்டிய 5.60 டாலர் பாதுகாப்புக் கட்டணமும் கார்டுக்குத் திரும்பும். கெடு, பெயர் என்ற கிரெடிட்டின் தொல்லை இல்லை. கார்டு புள்ளிகளை மைல்களாக மாற்றி எடுத்தவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: மைல்கள் விமான நிறுவனத்தின் கணக்கோடு நின்றுவிடும், கார்டுக்குத் திரும்பப் போகாது. வெளிநாட்டு நிறுவனங்களின் மைல் திட்டங்கள் பலவற்றில் ரத்துக் கட்டணமும் உண்டு.

முழுப் பணமும் திரும்பும் ரீஃபண்டபிள் டிக்கெட்டில் விலை இறக்கம் அப்படியே கார்டுக்கு வரும். ஆனால் அதற்காகவே எடுப்பது சரிவராது. 318 டாலர் டிக்கெட்டின் ரீஃபண்டபிள் வடிவம் 420 என்றால், விலை 102 டாலருக்கு மேல் இறங்கினால்தான் லாபம் தொடங்கும். பயணமே உறுதியில்லாதவர்களுக்குத்தான் அது. சில கார்டுகளின் பயணத் தளங்கள் விலை இறங்கினால் வித்தியாசம் தருவதாகச் சொல்கின்றன. கண்காணிக்கும் நாள்கள், உச்சவரம்பு, பணமா தளத்துக்குள் செல்லும் கிரெடிட்டா என்ற மூன்றையும் படித்துவிட்டு, அதைக் கூடுதல் வரவாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்காக முகவர் தளத்தில் டிக்கெட் எடுத்தால், விமான நிறுவனத்திடம் நேரடியாகப் பேசும் வசதியை இழக்கிறீர்கள்.

சென்னைக்கு எடுத்த டிக்கெட்

எமிரேட்ஸ், கத்தார், எதிஹாட், லுஃப்தான்சா, பிரிட்டிஷ் ஏர்வேஸ் என்று எதில் எடுத்தாலும், முதலில் டிக்கெட் எண்ணைப் பாருங்கள். பதின்மூன்று இலக்கத்தில் முதல் மூன்று, டிக்கெட்டை வெளியிட்ட நிறுவனத்தைச் சொல்லும்: 176 எமிரேட்ஸ், 157 கத்தார், 125 பிரிட்டிஷ் ஏர்வேஸ், 220 லுஃப்தான்சா, 098 ஏர் இந்தியா, 016 யுனைடெட். விமானத்தில் எழுதியிருக்கும் பெயரை விட, டிக்கெட்டை வெளியிட்ட நிறுவனத்தின் விதியே மாற்றத்துக்குப் பொருந்தும்.

அடுத்து கட்டண விதிகள். அவை எண்ணிட்ட பிரிவுகளாக இருக்கும். 16-ஆவது பிரிவு தண்டக் கட்டணங்களைச் சொல்லும். அதில் மாற்றத்துக்கு எவ்வளவு, ரத்துக்கு எவ்வளவு, புறப்பாட்டுக்கு முன் எவ்வளவு, வராமல் போனால் எவ்வளவு என்று தனித்தனியாக இருக்கும். ஏஜென்டிடம் எடுத்திருந்தால் இந்தப் பிரிவை அப்படியே எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். மாற்றிய பின் மிச்சத் தொகை திரும்புமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பல மலிவு வகைகளில் விலை ஏறினால் வித்தியாசத்தைக் கட்ட வேண்டும், இறங்கினால் எதுவும் வராது.

ஆகவே சென்னை டிக்கெட்டுக்கு மாற்றுவதை விட, ரத்து செய்து புதிதாக எடுப்பதைத்தான் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். தலைக்கு 1,650 டாலருக்கு எடுத்தது இப்போது 1,410. ரத்துக் கட்டணம் 200 என்று வைத்துக்கொள்வோம். 240-இல் 200 போக மிச்சம் 40. அதில் இருக்கைக்குக் கட்டியது போகும், பழைய பணம் திரும்பி வரும் வரை கார்டில் இரண்டு டிக்கெட்டின் தொகையும் நிற்கும். ஏஜென்டின் கட்டணம் தனி. விட்டுவிடுங்கள். அதே டிக்கெட் 1,200-க்கு இறங்கினால் தலைக்கு 250 மிச்சம், நான்கு பேருக்கு ஆயிரம், அப்போது செய்யலாம். தலைக்கு 100 டாலராவது நிகரமாக மிஞ்சாவிட்டால் சர்வதேச டிக்கெட்டில் கை வைக்காமல் இருப்பதே நல்லது. போகும் பயணம் முடிந்து, திரும்பும் பாதி மட்டும் கையில் இருந்தால் விலை இறக்கத்தைப் பார்ப்பதையே நிறுத்திவிடலாம். பாதி பயன்படுத்திய டிக்கெட்டைக் கணக்கிடும் முறையில் திரும்ப வருவதற்கு ஏதும் இருக்காது.

ஏஜென்டுகள் தரும் தனிக் கட்டணங்கள் பொது விலையை விடக் குறைவாக இருப்பது உண்மை. ஆனால் பொதுவெளியில் விலை இறங்கினாலும் அந்தக் கட்டணம் அதோடு சேர்ந்து இறங்காது. நிறுவனத்தின் தளத்தில் பதிவைத் திறந்தால் ஏஜென்டைத் தொடர்புகொள்ளுங்கள் என்றுதான் வரும். கோடை விடுமுறைக்கு ஆறு மாதம் முன்பே எடுப்பவர்கள், தலைக்கு 30, 40 டாலர் கூடுதலாக இருந்தாலும் நிறுவனத்திடமே எடுப்பது மேல்.

இந்திய உள்நாட்டு டிக்கெட்டைப் பற்றிச் சுருக்கமாக: ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக்கூடாது, விமான நிலையக் கட்டணங்களும் வரிகளும் மலிவுச் சலுகை டிக்கெட்டுக்கும் திரும்ப வேண்டும் என்பது இந்திய விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அமைப்பான டிஜிசிஏவின் விதி. ஆனால் ரத்துக் கட்டணமே ஆயிரக்கணக்கில் இருப்பதால், சென்னை–டெல்லி டிக்கெட்டில் 900 ரூபாய் இறங்கியது என்று ரத்து செய்தால் நட்டம்தான்.

மாற்றி முடித்த அன்றே

எந்த வழியில் போனாலும் புறப்பாட்டு நேரத்துக்கு முன் முடித்துவிடுங்கள். வராதவர் என்று பதிவானால் டிக்கெட்டின் மதிப்பு முழுவதும் போகலாம். மாற்றிய பிறகு பதிவு எண் அதே எண்ணாக இருக்கலாம், ஆனால் டிக்கெட் எண் புதிதாக வந்திருக்க வேண்டும். இருக்கை உறுதியானதாகக் காட்டியும் புதிய டிக்கெட் எண் இல்லை என்றால், மறுவெளியீடு பாதியில் நின்றிருக்கிறது. இப்போது தெரிந்தால் ஒரு போன் அழைப்பில் சரியாகும். விமான நிலைய கவுன்டரில் தெரிந்தால் இன்றைய விலைக்குப் புது டிக்கெட் கேட்பார்கள். அதோடு இருக்கைகளை மறுபடி தேர்ந்தெடுத்து, சைவ உணவையும் சக்கர நாற்காலியையும் மறுபடி பதிவு செய்யுங்கள். அவை பழைய டிக்கெட்டோடு போயிருக்கலாம்.